பால் ஊறும் தேநீர்

அழைப்பு மணி அடித்தபோது அவள் காலித் தேநீர் டப்பாக்களை மிதித்து நசுக்கி, கறுப்புப் பைக்குள் அமுக்கிக்கொண்டிருந்தாள். தடயத்தை அழிக்கிற ஆளுக்கு வேண்டிய நிதானம் அவளிடம் கொஞ்சமும் இல்லை. பையைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டு, "வந்துட்டேன் அத்தை!" என்று ஓடினாள்.

வாசலில் மாமியார், ஊன்றுகோலும் ஒரு பையுமாக நின்றார். இடுப்பெலும்பு முறிந்து தன் அக்கா வீட்டில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவர். எழுந்து நடக்கத் தொடங்கியதும் முதல் வேலையாகப் பேத்தியைப் பார்க்க வந்துவிட்டார்.

பேத்திதான். ஆனால் மருமகள் பெற்ற பேத்தி இல்லை. பிறந்த சில நாளிலேயே தத்தெடுத்துக்கொண்டு வந்த குழந்தை.

"அம்மாகிட்ட பிரசவம்னே சொல்லிடலாம். தத்துன்னு யாராவது பேச ஆரம்பிச்சாலே அவங்க எழுந்து போயிடுவாங்க. எனக்குத் தெரியும்" என்று சொன்னது கணவன்தான். சொல்லிவிட்டு அவன் நிம்மதியாக வேலைக்குப் போய்விட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பொறுப்பு இவள் தலையில் விழுந்தது.

திட்டு வாங்க அவள் பயப்படவில்லை. உண்மை தெரிந்த பிறகு, அந்தக் கண்கள் தன் குழந்தையை யாரோ வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிடுமோ என்றுதான் பயம்.

"எங்க என் ராசாத்தி?" மாமியார் உட்கார்ந்ததும் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். அது வீறிட்டது. "அடேயப்பா, என்னா குரல்! உன் புருஷன் வீட்டுக்கு வந்த அன்னைக்கும் இப்படித்தான் கத்துனான். தெருவே கூடிடுச்சு."

மாமியார் சிரித்ததைப் பார்த்து அவளுக்குப் பாதி உயிர் திரும்பியது. குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினாள். மாமியார் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார்.

"இது என்னம்மா?"

மீதி உயிரும் போனது. அலமாரி மேல்தட்டில் வரிசையாக அதே டப்பாக்கள். காலி டப்பாவைத் தூக்கிப் போட மனசு வராத புண்ணியவான் அவள் கணவன். ஒன்றில் ஆணி, ஒன்றில் பழைய பேட்டரி, ஒன்றில் துணி கிளிப். எல்லாவற்றின் மேலும் தாயும் குழந்தையும் படம்.

"டீ அத்தை. சோம்பு, வெந்தயம் எல்லாம் போட்டது. பால் ஊறுறதுக்கு."

"அது தெரியுது. இத்தனை டப்பாவா? பாப்பாவுக்கு ஒண்ணரை மாசம்தானே ஆகுது?"

"ஆஃபர்ல போட்டாங்க..."

மாமியார் ஒரு டப்பாவை இறக்கி, மூடியில் விரலை இழுத்துப் பார்த்தார். "காலி டப்பா மேல இவ்ளோ தூசியா? பிரசவத்துக்கு முன்னாடியே யாராவது இதக் குடிப்பாங்களா?"

நல்லவேளை, குழந்தை மறுபடி அழுதது. "பசி அத்தை" என்று படுக்கையறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். அவசரத்தில் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை.

குழந்தை வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்தே அவள் அந்தத் தேநீரைக் குடித்து வருகிறாள். "டீயை நம்பாதீங்க, அது சும்மா ஒரு துணைக்குத்தான். குழந்தை வாய் வச்சு உறிஞ்ச உறிஞ்சத்தான் ஊறும்" என்றிருந்தார் டாக்டர். அதற்கு ஒரு வழியும் சொல்லிக் கொடுத்திருந்தார். அதன்படியே இப்போதும் பவுடர் பால் கரைத்த புட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அதிலிருந்து வரும் மெல்லிய குழாயை மார்போடு சேர்த்து பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். குழந்தை அம்மாவிடம் குடிப்பதாகவே நினைத்துக் குடிக்கும்.

பாதி குடிக்கும்போது கதவு திறந்தது.

மாமியார் புட்டியைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தி, தாழ்ப்பாளையும் அழுத்திப் போட்டார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

"என்னை என்ன வேணா சொல்லுங்க அத்தை. இவளை மட்டும் ஒதுக்கிடாதீங்க." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நான் பெக்கலதான். ஆனா இவ என் பொண்ணு."

மாமியார் அருகில் வந்தார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். அவர் கை குழந்தையின் முகத்தருகே வந்தது. பிடுங்கத்தான் வருகிறார் என்று நினைத்து, அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

விரல்கள் குழாயைப் பிடித்து, குழந்தையின் வாயோரமாக லேசாக நகர்த்தி வைத்தன. குழந்தை மடக் மடக்கென்று குடிக்கத் தொடங்கியது.

"அவன் எப்ப வருவான்?"

"சாயந்தரம் ஆகும் அத்தை."

மாமியார் மூடிய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "நான் இப்ப சொல்லப்போறது அவன் காதுக்குப் போகவே கூடாது. சத்தியம் பண்ணு."

இப்போது பயம் அந்தக் குரலில் இருந்தது. அவள் ஒன்றும் புரியாமல் தலையாட்டினாள்.

"அவனைத் தத்தெடுத்தப்ப எனக்கு இந்தக் குழாயெல்லாம் ஏதும்மா? ஸ்பூன்தான்."