நோங்பானின் முதுகு

புலியைக் கொல்பவனுக்கே இளவரசி என்று மொய்ராங் அரசர் அறிவித்திருந்தார். அவளுக்காகப் போட்டியிட்டுக் காட்டுக்குள் போன இருவரில் நோங்பானின் முதுகைப் புலி கிழித்துவிட்டது. காம்பா ஈட்டியால் அதைக் கொன்றான்.

"நான் ஓடினேன்னு எங்கம்மாகிட்ட சொல்லிடாதே" என்று சொல்லிவிட்டு நோங்பான் இறந்தான்.

எத்தனையோ முறை தன்னைக் கொல்லப் பார்த்தவனைக் காம்பா தோளில் சுமந்து வந்து, ஊரார் முன் மல்லாத்திக் கிடத்தினான். "எதிர்த்து நின்னுதான் செத்தான்" என்றான்.

மாலையில் உடலைக் கழுவுவதற்காக நோங்பானின் தாய் அதைப் புரட்டினாள். பக்கத்தில் நின்ற காம்பா தடுக்கக் கை நீட்டினான். அவள் அழவில்லை. தன் மேல்துணியால் முதுகை மூடினாள்.

"வேற யாரு பார்த்தா?"

"புலி மட்டும்தாம்மா. அதுவும் செத்துப்போச்சு."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"நீ இருக்கியேப்பா."