குழாய்வழி ஏலம்

எலிகள் ஒரு பழைய கறுப்புக் காரை ஏலம் விட்டன. ஏலம் கேட்பவர்கள் முகம் காட்டக் கூடாது. எங்கேயாவது ஒளிந்துகொண்டு சாக்கடைக் குழாய்க்குள் விலையைக் கத்த வேண்டும். குழாய்க்குள் எல்லாக் குரலும் ஒன்றுபோலத்தான் கேட்கும். கடைசியில் ஒரு பெருச்சாளி ஐம்பது நிலக்கடலைக்குக் காரை எடுத்தது. மழைக்காலத்துக்கென்று வீட்டில் சேர்த்து வைத்திருந்ததே மொத்தம் ஐம்பதுதான். அத்தனையையும் வாரிக் கொடுத்துவிட்டு வந்து காருக்குள் உட்கார்ந்தது.

உட்கார்ந்த பிறகுதான் குழப்பம் பிடித்தது. இருக்கையில் பஞ்சு நிறைய இருந்தது. ஆனால் சக்கரம் மூன்றுதான். அதிகம் கொடுத்துவிட்டோமோ? இருக்காது, நாற்பத்தொன்பது வரைக்கும் ஒருவன் விடாமல் போட்டி போட்டானே. அவனுக்கும் புத்தி இல்லையென்றால்? யோசித்தபடியே வீட்டுக்குப் போனது.

மனைவி முகம் வாடி உட்கார்ந்திருந்தது.

"என்ன ஆச்சு?"

"உங்களுக்குப் பழைய காருன்னா உசுருன்னு, சொல்லாம கொள்ளாம ஏலத்துல கேட்டேங்க. கைக்கு வரல."

"எவ்வளவு வரைக்கும் கேட்ட?"

"நாற்பத்தொன்பது."

"அதோட ஏன் விட்ட?"

"எவனோ ஒரு கிறுக்கன் ஐம்பதுன்னான். அவனே கட்டிக்கிட்டு அழட்டும்னு விட்டுட்டேன். நம்ம கடலையாவது தப்பிச்சுதே."

மனைவி பெருமூச்சு விட்டு எழுந்தது. "பசியோட இருப்பீங்க. இருங்க, ரெண்டு கடலை எடுத்துட்டு வரேன்."