அழுத்திப் பார்க்காத மணி

"உன்னைவிட இந்த மெஷினுக்குத்தான் என்னை நல்லாத் தெரியும்!"

லேப்டாப்பைச் செல்லமாகத் தட்டியபடி பூதக்கண்ணாடி அறிவித்தார். இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியவளிடம் எந்தப் புருஷனும் விடத் துணியாத சவடால். அதைக் கேட்டு மூலையில் இருந்த ஃப்ரிட்ஜ்கூட ஒரு நொடி உறுமலை நிறுத்திவிட்டது.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவே இல்லை. அவளும் ஒரு கம்பெனியில் நாள் முழுக்கக் கணினியில் தட்டுகிறவள்தான். இந்த மாதிரிப் பம்மாத்தெல்லாம் அவளிடம் எடுபடாது.

"ஓஹோ. அப்படின்னா உங்க கண்ணாடி எங்கன்னு இனிமே அதையே கேளுங்க."

பூதக்கண்ணாடி என்பது ஆபீஸில் அவருக்குக் கிடைத்த பட்டம். மென்பொருளைச் சோதித்துப் பிழை பிடிப்பது அவர் வேலை. அவர் ஒருமுறை முறைத்தால் போதும், பிழைகள் தாமாகவே வரிசையில் வந்து கைகட்டி நிற்கும் என்பார்கள். அந்தப் பட்டத்தில் அவருக்கு அத்தனை பெருமை. யாரிடம் அறிமுகம் செய்துகொண்டாலும் முதலில் பட்டம்தான் வரும்.

அப்பேர்ப்பட்டவரை இப்போது ஒரு கட்டுரை ஆட்டி வைத்துக்கொண்டிருந்தது. தன் சோதனைகளைத் தானே திரும்பிப் பார்த்து, எங்கே சறுக்கினோம், என்ன கற்றோம் என்று ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டுமாம். துணைக்கு 'தோழன்' என்று ஓர் ஏஐ உதவியாளரைக் கொடுத்திருந்தார்கள். வெளியே ஏதோ ஒரு கம்பெனி செய்து தருவது, இன்னும் வெள்ளோட்டத்தில்தான் இருந்தது. கட்டுரையை எழுதித் தராது. கேள்வி மட்டும் கேட்கும்.

"பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். ஆனா என்ன பொறுமை தெரியுமா! குறுக்கே ஒரு வார்த்தை பேசாது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் மட்டும் என்னவோ படுத்துடுச்சு."

"செவ்வாய்க்கிழமையா? அன்னிக்குத்தானே நான் தனியாப் போய்ப் பல்லைப் பிடுங்கிட்டு வந்தேன். அதாவது ஞாபகம் இருக்கா?"

"ஓ... அன்னிக்கா அது?" அவசரமாகத் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

கட்டுரை தயாராக இருந்தது. கவனம், பொறுமை, கடமை என்று ஒவ்வொரு வரியும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக நின்றது. சறுக்கல் என்று எழுத்துப்பிழை ஒன்றைச் சொல்லிச் சமாளித்திருந்தார். ஆனால் வியாழக்கிழமை தோழன் கேட்ட கேள்வி இன்னும் அவரை முறைத்துக்கொண்டிருந்தது.

'அந்த மணியை நீங்களே அழுத்திப் பார்த்தீர்களா?'

தோழனிடம் அவர் கொடுத்த சோதனைப் பட்டியலில் கடைசியாக இருந்தது, மென்பொருளால் இயங்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலோரத்து மணி. நோயாளி அழுத்தினால் நர்ஸ் மேஜையில் ஒலிக்க வேண்டும். ஒருவர் அழுத்தினால் ஒலித்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால்? அந்தச் சோதனையை மட்டும் அவர் செய்யவில்லை. வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் 'பாஸ்' என்று போட்டுவிட்டார். நாளைக் காலையில் அந்த மணி வார்டுக்குப் போகிறது.

இப்போது வாயைத் திறந்தால் பட்டம் போகும். வேலையே போனாலும் போகும். 'இல்லை, இரண்டு பேர் ஒன்றாக அழுத்திப் பார்க்கவில்லை' என்று, வார்டுக்குப் போகும் நாளையும் சேர்த்துத் தோழனிடம் மட்டும் தட்டியிருந்தார். 'வீட்டிலாவது சொன்னீர்களா?' என்று வெகுநேரம் கழித்து அது கேட்டது. அதற்கும் 'இல்லை.' அன்றிலிருந்து வாயில் வைத்ததெல்லாம் மண்ணாக இருந்தது. கண்ணை மூடினால் காதுக்குள் மணி அடித்தது. இல்லை, அடிக்காமல் இருந்தது. அது இன்னும் கொடுமை.

அவர் விரலை 'அனுப்பு' பொத்தானுக்குக் கொண்டுபோனார்.

"கட்டுரை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. அதுல ஒருத்தனும் ஒரு குறை சொல்ல முடியாது."

மனைவி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "ஏங்க, ரெண்டு பேர் ஒண்ணா அழுத்தினா ரெண்டு மணியும் அடிக்குமா?"

அவர் லேப்டாப்பைப் படாரென்று மூடினார். உலகத்தில் ஒரு மனிதப் பிறவியிடமும் சொல்லாத விஷயம்.

"என் லேப்டாப்பைத் திறந்து பார்த்தியா?"

"உங்க லேப்டாப்பை நான் தொட்டதே இல்லை. நீங்களா சொல்வீங்கன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன். பொழுது விடிஞ்சா அந்தக் கட்டில்ல யாரோ ஒருத்தர் படுத்திருப்பாங்க." அவருடைய போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "கூப்பிடுங்க."

"வேலை போயிடும்டி."

"போனா போகட்டும். கூப்பிடுங்க."

கூப்பிட்டார். "சார், நாளைக்கு அந்த மணியை ஆரம்பிக்க வேண்டாம். ஒரு டெஸ்டை நான் செய்யவே இல்லை." எதிர்முனையில் மேலதிகாரி போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து, பக்கத்துத் தெரு நாய் குரைத்தது. கடைசியில், "நிறுத்தி வைக்கிறேன். காலையில வந்து என்னைப் பாருங்க" என்று போன் வைக்கப்பட்டது.

அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். நாளைக்கு என்ன ஆகுமோ தெரியாது. ஆனாலும் மூச்சு ஒழுங்காக வந்தது. மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். "நெஜத்தைச் சொல்லு. தோழனைத் தவிர யாருக்கும் தெரியாதே. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான் எங்க வேலை பாக்கிறேன், என்ன தட்டுறேன்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா? வெள்ளோட்டம்னா மெஷின் பழகற வரைக்கும் பின்னாடி என்னை மாதிரி ஆள் உக்காந்து பதில் தட்டணுங்க. முதல் வரியிலேயே, 'என் பேர் பூதக்கண்ணாடி'ன்னு ஒருத்தர் வந்தாரு."

மனைவி மறுபடி துணியைக் கையில் எடுத்தாள்.

"நீங்க சொன்னது நிஜந்தாங்க. பொண்டாட்டியா இருந்தப்போ எனக்குத் தெரியாதது, மெஷினா உக்காந்தப்பதான் தெரிஞ்சுது."