ஏரி வளைவு

வயல்களுக்கு நடுவே ஓடும் அந்தச் சாலையில் வெள்ளைக் கோடு போடும் வண்டியை ஓட்டிவந்தவருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. இருவர் வேலையை இப்போது ஒருவராக இழுக்கிறார். முன்பு தங்கை புருஷன் ஓட்டுவார். ஏரியைக் கண்டால் போதும், அவர் கண் அங்கே போகும், கோடு கோணும். "மாப்ள, ரோட்டப் பாரு!" என்று இவர் கத்தாத நாளில்லை. போன மாதம் மாப்பிள்ளை பழைய வண்டியோடு ஏரிக்குள் கவிழ்ந்தார். சேறு எதையும் திருப்பித் தரவில்லை.

வளைவு திரும்பியதும், கோடு ஏற்கெனவே போட்டிருந்தது. இறங்கித் தொட்டார். ஈரம். ஏரிக்கரைப் புல்லிலிருந்து ஏறி, சாலையைப் பிடித்து, தங்கை வீட்டுப் பக்கமாக நூல் பிடித்தாற்போல் போயிருந்தது. துளிக் கோணல் இல்லை.

அலுப்போடு வண்டியை அணைத்தார். போன் அடித்தது. தங்கை.

"அண்ணே, அதுக்குள்ள வந்துட்டியா? வாசல்ல உன் வண்டிச் சத்தம் கேக்குதே. கதவத் திறக்கட்டுமா?"