கிளம்பாத வண்டி

சாவியைத் திருகினேன். செல்ஃப் சுற்றியது, என்ஜின் பிடிக்கவில்லை.

எப்படிப் பிடிக்கும்? பிளக்குகளுக்கெல்லாம் மின்சாரம் கொண்டுபோகும் ஒயரைக் காலையிலேயே பிடுங்கி வைத்தவள் நான்தானே.

இன்னொரு தரம் திருகினேன். வீட்டுக்குள் ஓர் அசைவும் இல்லை.

மகள் போனதிலிருந்து இந்த மனுஷன் படுக்கையை விட்டு எழுந்திருப்பதில்லை. காய்ச்சல் என்று படுத்த பிள்ளை, ஒரு வாரத்தில் இல்லாமல் போனாள். நானும்தான் பெற்றவள். நானும் படுத்துவிட்டால் இந்த வீட்டில் அடுப்பை யார் பற்றவைப்பது?

கெஞ்சினேன், திட்டினேன், என் அண்ணனை வரவழைத்துப் பேச வைத்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒருநாள் இந்தப் பழைய வண்டி நிஜமாகவே மக்கர் பண்ணியது. அந்தச் சத்தம் பொறுக்காமல் தானாக எழுந்து வந்தார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதிலிருந்து தினமும் ஏதாவது ஒன்றைக் கழற்றி வைக்கிறேன். ஒருநாள் ஃபியூஸ், ஒருநாள் பேட்டரி ஒயர். வெட்கமாவது மானமாவது.

இன்றைக்கு ஆள் வரவில்லை.

செல்ஃப் சத்தம் இழுக்க ஆரம்பித்தது. பேட்டரியும் படுத்துவிட்டால் எனக்கு வேறு வழியே கிடையாது. ஐயோ, வாங்களேன் என்று ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டே திருகினேன்.

"அதைப் போட்டுக் கொல்லாதே. நிறுத்து."

வாசலில் நின்றார். கசங்கிய பனியன், வெறுங்கால்.

பானெட்டைத் திறந்தார். இவ்வளவு நேரம் செல்ஃப் சுற்றியிருக்கிறது, பேட்டரி மேல் குற்றமில்லை என்றார். குனிந்து மோந்து பார்த்தார். பெட்ரோல் வாடை அடிக்கிறது, அதுவும் வருகிறது, அப்படியென்றால் தீப்பொறிதான் இல்லை என்றார். நேற்று வண்டியை விட்டு உள்ளே போனதிலிருந்து ஒரு வார்த்தை பேசாத வாய். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி அப்படியா, அப்படியா என்று தலையாட்டினேன்.

ஒவ்வொரு ஒயராகத் தடவிக்கொண்டு போன விரல் சரியாக அங்கே வந்து நின்றது. அழுத்தினார். கையைக் காட்டினார். திருகினேன், வண்டி இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

அவ்வளவுதான். கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு உள்ளே நடந்தார். மறுபடியும் அந்த அறை, அந்தச் சுவர். எனக்கு அழுகை முட்டியது.

வாசற்படியில் நின்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நாளைக்கு இன்னும் கொஞ்சம் கஷ்டமா ஏதாவது பண்ணி வை. இதெல்லாம் சீக்கிரம் முடிஞ்சுடுது."