நனைந்த நாய் வாடை

நெவிலின் முழங்கை பட்டுத் தட்டு சரிந்ததில், அதிலிருந்த கரும் பியர் மொத்தமும் பக்கத்து நடுவரின் மடியில் இறங்கியது. அந்த வருஷம் டாஸ்மேனிய ஊர்க் கண்காட்சியில் வீட்டு பியர் போட்டி இப்படித்தான் ஆரம்பித்தது.

போட்டியை நடத்தும் ஹேசல் துணி தேடி ஓடினார். கரும் பியர் மேசையை விட்டு நகரக்கூடாது என்று காலையிலேயே நெவிலிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தார். வருஷா வருஷம் வெளிர் பியர் மேசையில் ராஜாங்கம் நடத்தியவருக்கு அது தண்டனையாகப் பட்டது. ஹேசல் திரும்புவதற்குள், வெளிர் பியர் மேசை நடுவர் ஒருவரிடம் கெஞ்சி நெவில் இடம் மாறிக்கொண்டார்.

நெவிலின் மூக்கு அந்த வட்டாரத்தில் பிரசித்தம். ஊரார் பியருக்கெல்லாம் குறை சொன்னவர், தன்னுடையதை ஒரு தடவைகூடப் போட்டிக்கு வைத்ததில்லை. யாராவது குறை சொல்லிவிட்டால்? ஜெயிக்கிற பியர் கோடை முழுக்க ஊர்ப் பப்பின் குழாயில் வரும். அந்தக் குழாயில் தன் பியர் நுரைப்பதாக நெவில் கனவு கண்டதுண்டு. அது நண்பர் கிளைவுக்கு மட்டும்தான் தெரியும்.

பேரில்லாமல் எண் மட்டும் ஒட்டிய கோப்பைகளில் நாலாவதை முகர்ந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. லெதர்வுட் மரப்பூத் தேன்; அதற்கடியில் வறுத்த வாட்டில் மர விதை. சாட்சாத் அவருடைய கைப்பக்குவம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஷெட்டில் கூட நின்று கிளறும் கிளைவைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

காலையில் என்னடா விசேஷம் என்று கேட்டதற்கு, முகத்தைப் பார்க்காமல் மழையைப் பற்றிப் பேசிவிட்டு கிளைவ் நழுவியது ஏன் என்று இப்போது விளங்கியது.

எதிரே இருந்த நடுவர் பிரான்வின் இன்னொரு வாய் குடித்துவிட்டு, முதல் பரிசு இதற்குத்தான் என்றார்.

"நனைஞ்ச நாய் வாடை அடிக்குதே, உனக்குத் தெரியலை?" என்றார் நெவில்.

பிரான்வின் மறுபடி முகர்ந்தார். அந்த மூக்கே சொன்ன பிறகு அவருக்கும் நாய் தெரிந்துவிட்டது. பரிசு ஒரு பிளம்பரின் ஆரஞ்சுத்தோல் பியருக்குப் போனது.

ஜாம் பாட்டில்கள் அடுக்கிய மூலையில் கிளைவ் வெளிறிப்போய் நின்றிருந்தார். மாட்டிக்கொண்டவன் முகம் இப்படித்தான் இருக்கும் என்று நெவிலுக்குக் கொஞ்சம் திருப்திகூட வந்தது.

"என் ஷெட்ல, என் கையால வாங்கிக் குடிச்சிட்டு, கடைசில என் பியரையே திருடிட்டியேடா."

கிளைவ் அவரை உற்றுப் பார்த்தார். "நீ எப்படிடா அந்த மேசைக்குப் போன? ஹேசல்கிட்ட அவ்வளவு சொல்லி வச்சேனே."

"பேச்சை மாத்தாத. இப்பவாச்சும் நேரா பதில் சொல்லு. எதுக்குடா வச்ச?"

"நீயா ஒரு நாளும் வைக்க மாட்டேன்னுதான், உன் பேர்ல நான் வச்சேன்."