ரேணிகுண்டாவில் இடப்பக்கம்

ரேணிகுண்டா கூட்டுரோட்டில் வேன் நின்றது.

வலப்பக்கம் திரும்பினால் திருப்பதி, ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. இடப்பக்கம் திரும்பினால் புத்தூர், எலும்புக் கட்டு.

எந்தப் பக்கம் என்று கேட்டார் ஓட்டுநர் பாலையா.

யஸ்வந்த் வலப்பக்கம் என்றான். பின் சீட்டில், உடைந்த வலது கையைப் பொட்டலம் போல மடியில் வைத்திருந்தவள் இடப்பக்கம் என்றாள்.

யஸ்வந்த் அவள் வேலை செய்யும் பிளாஸ்டிக் கூடைக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. புதிதாகச் சேர்ந்தவன். எதையும் அடுத்தவருக்குப் புரியும்வரை சொல்லாமல் விடமாட்டான். சீட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தான்.

சம்பளத்தில் மாதாமாதம் ஈ.எஸ்.ஐ.க்கு என்று கொஞ்சம் பிடிக்கிறார்கள். காய்ச்சலுக்கு விடுப்புச் சம்பளம் வேண்டுமென்றால் சில மாதங்களாவது அப்படிக் கட்டியிருக்க வேண்டும். வேலையில் அடிபட்டால் அந்த நிபந்தனையே கிடையாது. சேர்ந்த அன்றைக்கே பெல்ட்டில் கை போனாலும் வைத்தியம் உண்டு, கை கூடும்வரை சம்பளத்தில் பெரும்பகுதி உண்டு. கை கோணலாகக் கூடிவிட்டால், எவ்வளவு கோணல் என்று பார்த்து, ஆயுளுக்கும் ஒரு தொகை உண்டு. கான்ட்ராக்ட் ஆள் என்பதால் இதில் எதுவும் குறையாது.

அடிபட்டவர் அங்கே போய், வேலையில் அடிபட்டேன் என்று சொன்னால் போதும்.

"ஸ்வர்ணலதா, கேக்கறீங்களா?"

இரண்டாவது முறை கூப்பிட்டபோதுதான் அவள் நிமிர்ந்தாள். வலியில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

"புத்தூருக்கே பூடலாம் சார். எங்க ஊர்ல அல்லாரும் அங்கதான் கட்டிக்கினு வராங்க."

அவள் ஊர் நகரிக்குப் பக்கம். மாமரத்திலிருந்து விழுந்தாலும் பைக்கிலிருந்து விழுந்தாலும் அங்கே முதலில் புத்தூர்தான். யஸ்வந்துக்கும் கட்டின் மேல் சண்டை இல்லை. அவன் அப்பாவின் கால் அங்கேதான் கூடியது. ஆனால் கட்டு எலும்பைச் சேர்க்கும், அவ்வளவுதான். அது எங்கே உடைந்தது என்று யாருக்கும் சொல்லாது. இதையும் அவன் பொறுமையாக விளக்கினான்.

"எலும்பு ஒடஞ்சா புத்தூர்ல சேத்துடுவாங்க சார். வேல ஒடஞ்சா சேக்கறதுக்குத்தான் ஆளு கெடையாது. வுட்டுடுங்க" என்றார் பாலையா.

பின்னால் ஒரு லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தது. வேன் இடப்பக்கம் திரும்பியது.

போகும் வழியெல்லாம் யஸ்வந்த் விபத்தையே நினைத்துக்கொண்டு வந்தான். பெல்ட் உருளை அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறது. இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் தூணுக்குப் பின்பக்கம் இருக்கிறது. அவள் நிற்கும் இடத்திலிருந்து தெரியாது. அதை முன்பக்கம் மாற்றச் சொல்லி வந்த நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறான். இவளோ திரும்பிக்கூடப் பார்க்காமல், இடது கையைப் பின்னால் நீட்டி அடித்திருக்கிறாள். இல்லாவிட்டால் தோள்வரை போயிருக்கும்.

சேர்ந்து சில வாரம்தான் ஆகிறது, பொத்தான் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது என்று பாராட்டாகக் கேட்டான். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

புத்தூரில் கட்டுக்காரர் அவள் கையை விரல்களால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். பக்கத்தில் பச்சிலைச் சாறு, முட்டை வெள்ளை, துணி, மூங்கில் பத்தைகள்.

இழுக்கப்போகிற நொடி கைக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் சதை இறுகிவிடும், எலும்பு உட்காராது. அதனால் கட்டுக்காரர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். எந்த ஊர், அந்தப் பக்கம் இந்த வருடம் மா பூத்திருக்கிறதா, உன் பெயர் என்ன.

பெயரைக் கேட்டபடியே இழுத்தார்.

"யசோதா" என்று அலறினாள்.

எலும்பு உட்கார்ந்துவிட்டது.

யஸ்வந்த் அவள் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பார்த்தான். படம் அவளுடையதுதான். கீழே ஸ்வர்ணலதா என்று இருந்தது.

அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள். மூச்சு சீராகும்வரை காத்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அது தங்கச்சி பேரு சார். வர்ற மாசம் அவளுக்கு சத்தியவேட்டுப் பக்கம் பர்மனன்ட் வேல. மெடிக்கல் டெஸ்டு கீது. கை ஒடஞ்சதா அவ பேர்ல ஏறக்கூடாது."

மீதியை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது எப்படி நடக்கிறது என்று அவனுக்கே தெரியும். ஒரே ஆள் விடாமல் வேலை செய்துவந்தால் சட்டம் அவருக்கு ஒரு பிடிப்பைக் கொடுக்கிறது. அதன்பிறகு சும்மா வெளியே அனுப்ப முடியாது. அந்தப் பிடிப்பு கிடைப்பதற்குள் கான்ட்ராக்டர் நிறுத்திவிடுவார். பழகிய கை போய்விடக்கூடாதே என்று, அதே ஆளை அதே இயந்திரத்துக்கு வேறொரு பெயரில் எடுத்துக்கொள்வார்.

போன வருடம் அந்தத் தூணருகே யசோதா என்ற பெயரில் நின்றதும் இவள்தான்.

கட்டுக்காரர் மூங்கில் பத்தைகளை வைத்துத் துணியைச் சுற்றினார். கை கூட நாளாகும் என்றார். அதுவரை அந்த இடம் காலியாக இருக்காது. கூடிய பிறகு இவள் போய் நின்றால் புதிதாக ஒரு பெயர் கேட்பார்கள்.

யஸ்வந்த் எதையும் விளக்கவில்லை. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டான்.

அவள் கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"கடைசித் தங்கச்சி ஒண்ணு கீது சார். அதுக்கு இன்னும் வயசு வரல."